முதல் ஒத்திகைக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்

மேடை நடனம், நடன நாடக இசை இவற்றைத் தொழிலாக எடுப்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லிப் போன இதழில் எழுதியிருந்தேன். தாராவியிலிருந்து டோம்பிவிலி வரை மும்பைத் தமிழர்கள் எழுதியிருக்கிறீர்கள். கடிதங்களைப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது, ஆட்டத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, காகிதத்தைப் பற்றித்தான் யாருக்கும் தெரியவில்லை. முப்பது வருடமாக இந்த ஊரில் ஆடி, நட்டுவாங்கம் செய்து (தாளம் தட்டி, ஜதி என்ற தாளச் சொற்களைச் சொல்லி ஆட்டத்தை நடத்துவது), நடனம் அமைத்து வருகிறவள் என்ற உரிமையில் கொஞ்சம் அழுத்தியே பதில் சொல்கிறேன்.

அக்கா, எனக்கு 21 வயது. தாராவி 90 அடி ரோடு பக்கம் வீடு. ஹிப்-ஹாப், பாப்பிங் ஆடுவேன். கல்யாண சங்கீத் (கல்யாணத்தை ஒட்டிய ஆட்டபாட்டம்), கம்பெனி ஷோ என்று போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு மியூசிக்கல் நாடகத்துக்கு ஆடிஷன் என்று போனேன், பாடத் தெரியுமா என்று கேட்டார்கள், திரும்பி வந்துவிட்டேன். கிளாசிக்கல் படிக்காதவனுக்கு அங்கே இடமில்லையா?

இடம் இருக்கிறது தம்பி. திரும்பி வந்ததுதான் தப்பு. பாடத் தெரியுமா என்று கேட்பது உன்னைக் கதாநாயகனாக்க இல்லை. கோரஸில் இருபது பேர் ஆடிக்கொண்டே பாடும்போது மூச்சு முட்டாமல் சுருதியில் நிற்கிறாயா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். பிடித்த ஒரு பாட்டின் பல்லவியை எடுத்துக்கொள், உனக்குத் தோதான சுருதியில், நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டு பாடிப் பழகு. சில மாதத்தில் வரும். பாட்டு சுமார்தான் என்றாலும் ஆட்டத்துக்காகவே எடுத்துக்கொண்ட பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

மேடை மியூசிக்கல் இந்தப் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. மராத்தியில் 1880-ல் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் தொடங்கி வைத்த சங்கீத நாடகம் இருக்கிறது, 1970-களில் அலிக் பதம்ஸீ மேடையேற்றிய ஜீசஸ் க்ரைஸ்ட் சூப்பர்ஸ்டார் இருக்கிறது. அப்புறம் 2015-ல் வொர்லி என்.எஸ்.சி.ஐ. டோமில் டிஸ்னியின் பியூட்டி அண்ட் தி பீஸ்ட் இந்திய நடிகர்களோடு வந்தது, அதற்கு நடனம் டெரன்ஸ் லூயிஸ். 2016-ல் நரிமன் பாயின்ட் என்.சி.பி.ஏ.-வில் பெரோஸ் அப்பாஸ் கான் இயக்கிய முகல்-எ-ஆஸம், நடனம் மயூரி உபாத்யா, அது முழுக்கக் கதக் பெண்கள். 2023-ல் பாந்த்ரா-குர்லா பக்கம் பி.கே.சி.யில் 2,000 இருக்கை அரங்கோடு நீதா முகேஷ் அம்பானி கலாச்சார மையம் திறந்தது. பி.கே.சி. உன் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று உனக்கே தெரியும்.

ஆனால் உனக்கு நான் சொல்ல நினைப்பது வேறு. வெளிநாட்டு மேடையில் ‘ஸ்விங்’ என்று ஒரு வேலை உண்டு. தினமும் மேடையில் நிற்கும் ஆள் இல்லை அவர், கோரஸில் உள்ள எட்டுப் பத்துப் பேருடைய இடத்தையும் அடியையும் மனப்பாடமாக வைத்திருப்பார், யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்று மாலை அந்த இடத்தில் இறங்குவார். அதற்கு மேலே ‘டான்ஸ் கேப்டன்’. நடனம் அமைத்தவர் ஊருக்குப் போன பிறகு ஆட்டம் குலையாமல் பார்த்துக்கொள்பவர். இங்கே நம் ஊர்க் குழுக்களில் இந்தப் பெயர்கள் இருக்கும், இல்லாமலும் போகும், வேலை மட்டும் கட்டாயம் இருக்கும், பெரும்பாலும் அதை யாராவது ஒரு நல்ல பையன் சும்மா செய்துகொண்டிருப்பான். நீ அந்தப் பையனாக இரு, ஆனால் சும்மா செய்யாதே. உன் இடத்தை மட்டும் கற்றுக்கொள்ளாமல் பக்கத்தில் உள்ளவன் இடத்தையும் கற்றுக்கொள், நோட்டில் எழுதி வை. அடுத்த நிகழ்ச்சிக்கு உதவியாளராக வருகிறேன், இந்தச் சம்பளம் வேண்டும் என்று கேள்.

இந்தி சினிமா நடன இயக்குநர் சரோஜ் கான் அப்படித்தான் வந்தார். குழந்தை நட்சத்திரம், பிறகு குரூப் டான்ஸர், பிறகு பி. சோஹன்லால் மாஸ்டரிடம் உதவியாளர், அதற்கும் பிறகுதான் மாஸ்டர்ஜி. 1988-ல் வந்த தேஸாப் படத்தின் ஆட்டத்துக்காகத்தான் ஃபிலிம்ஃபேர் நடன அமைப்புக்கென்று ஒரு விருதையே முதல்முறையாகக் கொடுத்தது. நம் தமிழ்ப் படமான சிருங்காரத்துக்குத் தேசிய விருதும் வாங்கினார். பின்வரிசையில் நின்று மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த வருடங்களை அவர் வீணாக்கவில்லை.

ஒன்று மட்டும் மறக்காதே. சினிமா குரூப் டான்ஸுக்கு சினி டான்ஸர்ஸ் அசோசியேஷன் என்று சங்கம் இருக்கிறது, அட்டை இருக்கிறது. நியூயார்க் மேடை டான்ஸர்களுக்கு 1913-ல் தொடங்கிய நடிகர் சங்கம் இருக்கிறது. நீ போகிற மேடையில் உனக்காகப் பேச இருப்பது நீ கையெழுத்துப் போட்ட காகிதம்தான்.

என் மகளுக்கு 19 வயது. மாட்டுங்காவில் பத்து வருடம் பரதம் படித்து அரங்கேற்றம் முடித்தாள். பி.காம். இரண்டாம் வருடம். ஒரு பெரிய மேடை நிகழ்ச்சிக்குத் தேர்வாகிவிட்டாள். மூன்று மாதம் ஒத்திகையாம், படிப்பைத் தள்ளிப்போடுகிறேன் என்கிறாள். அவள் அப்பாவுக்குத் துளியும் விருப்பமில்லை. இதை நம்பி வாழ முடியுமா?

அம்மா, நீங்கள் மாட்டுங்காவிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்பதால் ஒன்று சொல்கிறேன். திருவிடைமருதூர் குப்பையா பிள்ளையின் குடும்பம் இந்த ஊருக்கு வந்து 1945-ல் ராஜராஜேஸ்வரி பரதநாட்டியக் கலா மந்திரைத் தொடங்கியது உங்கள் மாட்டுங்காவில்தான். ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்தக் கலையால் இந்த ஊரில் வாழ்ந்திருக்கிறது. ஆக, முடியுமா என்ற கேள்விக்குப் பதில் உங்கள் பேட்டையிலேயே இருக்கிறது.

எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆடி மட்டும் இல்லை. சொல்லிக்கொடுத்து, நட்டுவாங்கம் செய்து, நிகழ்ச்சி அமைத்து. இன்றைக்கும் அதே கணக்குதான். எனக்குத் தெரிந்த இருபத்தெட்டு, முப்பது வயதுப் பெண்கள் மேடை நிகழ்ச்சி இருக்கும் மாதத்தில் அதில் சம்பாதிக்கிறார்கள், இல்லாத மாதத்தில் பள்ளிக்கூடத்தில் வகுப்பு, டிசம்பர் ஜனவரியில் கல்யாண சங்கீத்துக்கு நடனம் சொல்லிக்கொடுப்பது, இடையில் ஒரு விளம்பரப் படம். சங்கீத் வேலையை யாராவது மட்டமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். ஆடவே தெரியாத பெரியப்பாவையும் மாமியையும் மூன்றே நாளில் மேடையேற்றுவது லேசான வேலை இல்லை, பல பேருக்கு வீட்டு வாடகை கொடுப்பதும் அதுதான்.

படிப்பை விட வேண்டாம். இதில் நான் உங்கள் பக்கம். பரீட்சை நாட்களுக்கு ஒத்திகையிலிருந்து விடுப்பு வேண்டும் என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள், நல்ல குழுக்கள் கொடுக்கும். கல்லூரி ஒத்துவராவிட்டால் மும்பைப் பல்கலைக்கழகத்திலேயே தொலைதூர வழியில் பி.காம். முடிக்கலாம். நடனமே வாழ்க்கை என்று அவள் உறுதியாக இருந்தால், நடனக் கலைஞர் கனக் ரெலே தொடங்கிய நாளந்தா நிருத்ய கலா மகாவித்யாலயா ஜூஹு பக்கம் இருக்கிறது, 1970-களிலிருந்து பல்கலைக்கழகப் பட்டமாகவே நடனத்தைக் கற்றுத்தருகிறார்கள். பள்ளிகளில் நிரந்தர வேலைக்குப் போகும்போது அரங்கேற்ற ஆல்பத்தைவிட அந்தப் பட்டம் பேசும். 18-லிருந்து 25 வயது வரை உள்ள இளம் கலைஞர்களுக்கு மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் உதவித்தொகை இருக்கிறது, மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். விண்ணப்பம் அந்த அமைச்சகத்தின் கலாச்சாரப் பயிற்சி மையமான சி.சி.ஆர்.டி. வழியாக. விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

இப்போது கையெழுத்துப் போடும் முன் அவள் கேட்க வேண்டியவை. ஒத்திகைக்குச் சம்பளம் உண்டா, இல்லை ஷோவுக்கு மட்டுமா? மூன்று மாதம் என்றால் அதுதான் முதல் கேள்வி. எத்தனை ஷோ நிச்சயம், ரத்தானால் என்ன கொடுப்பார்கள்? காலில் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? ராத்திரி ஒத்திகை முடியக் கடைசி லோக்கல் போய்விட்டால் வீடுவரை வண்டி தருவார்களா? அவள் அப்பாவின் தயக்கத்தில் பாதி இந்தக் கடைசிக் கேள்வியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவரையும் ஒரு நாள் ஒத்திகைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், காலை பத்து மணியிலிருந்து ஒரே எட்டு கவுண்டை (எட்டு எண்ணுவதற்குள் ஆடும் துண்டை) எத்தனை முறை செய்கிறார்கள் என்று அவர் உட்கார்ந்து பார்க்கட்டும்.

டோம்பிவிலியில் சின்ன டான்ஸ் கிளாஸ் நடத்துகிறேன். ஒரு அமைப்புக்காக 40 நிமிட நடன நாடகம் ஒன்றை அமைத்துக் கொடுத்தேன். அடுத்த வருடம் என்னைக் கூப்பிடாமல் அதையே வேறொருவரை வைத்து நடத்தினார்கள். அழைப்பிதழில் என் பெயர் இல்லை. கேட்டதற்கு “காசு கொடுத்தாச்சே” என்கிறார்கள். என்ன செய்வது?

எனக்கும் இதே நடந்தது. வருடம் இருபது ஆகிறது. ஒரு கலைக் குழுவுக்காக நான்கு மாதம் உட்கார்ந்து ஒரு குறவஞ்சி அமைத்தேன், சிங்கன் சிங்கி நுழைவுக்கு மட்டும் ஏழு விதமாகப் போட்டுப் பார்த்துக் கலைத்தேன். மறுவருடம் வேறொருவர் பெயரில் அதே நுழைவை, அதே ஜதியை, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். என்னிடம் காகிதமும் இல்லை, வீடியோவும் இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

“காசு கொடுத்தாச்சே” என்பது சட்டம் இல்லை. 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் நாடகப் படைப்பு என்பதற்குள்ளேயே நடன அமைப்பும் வருகிறது. ஒரே நிபந்தனை, அது எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகியிருக்க வேண்டும். ‘வேறு வகை’ என்பதால் தேதி தெரிகிற ஒத்திகை வீடியோ, ஜதியும் கவுண்டும் மேடை நகர்வும் வரைந்த நோட்டு இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள். நீங்கள் அந்த அமைப்பின் சம்பள ஊழியர் இல்லை, வெளியிலிருந்து அமைத்துக் கொடுத்தவர் என்றால் உரிமை பொதுவாக உங்களிடம்தான் தொடங்குகிறது. அதை அவர்களுக்கு மாற்றிக்கொடுக்க உங்கள் கையெழுத்துள்ள எழுத்து வேண்டும், வாய்ப்பேச்சு போதாது. அப்படி எழுதிக் கொடுத்திருந்தாலும், எத்தனை வருடம் என்று குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம்தான், எந்த ஊர் என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும்தான். அப்புறம், உரிமையையே விற்றுவிட்டாலும் இதை அமைத்தது நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ம் பிரிவின்படி உங்களை விட்டுப் போகாது. அழைப்பிதழில் பெயர் விட்டதற்கு நீங்கள் பிடிக்க வேண்டிய பிடி அது.

அடவுகள், அதாவது பரதத்தின் அடிப்படை அசைவுகள், யாருக்கும் சொந்தமில்லை என்பதும் நினைவிருக்கட்டும். தட்டடவையும் நாட்டடவையும் யாரும் பட்டா போட முடியாது. எந்த அடவுக்குப் பின் எது, யார் எங்கிருந்து வருகிறார்கள், எங்கே எல்லோரும் உறைந்து நிற்க ஒருத்தி மட்டும் அசைகிறாள் என்ற உங்கள் கோவைதான் உங்களுடையது. 1952-ல் அமெரிக்காவில் ஹான்யா ஹோம் என்ற நடன அமைப்பாளர், கிஸ் மீ கேட் என்ற மியூசிக்கலுக்குத் தான் அமைத்த ஆட்டங்களைக் குறியீட்டு முறையில் முழுக்க எழுதவைத்துப் பதிவு செய்தார். அங்கே அப்படிப் பதிவான முதல் நடன அமைப்பு அதுதான். எழுதிய நோட்டுக்கு அவ்வளவு மதிப்பு.

இங்கே பதிப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம், நாடகப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் சண்டை வரும்போது கையில் ஒரு சான்றிதழ் இருப்பது வேறு. இப்போதைக்கு ஒரு வழக்கறிஞர் மூலமாக ஒரு கடிதம் அனுப்புங்கள், பெயரையும் மறுமேடையேற்றத்துக்கான தொகையையும் கேளுங்கள். பல சமயம் ஒரு கடிதத்திலேயே முடிந்துவிடும்.

இன்னொரு கதை சொல்லியே ஆக வேண்டும். நியூயார்க்கில் 1974-ல் பின்வரிசை டான்ஸர்கள் ஒரு ராத்திரி கூடி உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையை ஒரு டேப் ரெக்கார்டர் முன்னால் பேசினார்கள். அந்தப் பேச்சுக்கான உரிமையை ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதிலிருந்து பிறந்த ‘எ கோரஸ் லைன்’ 1975 முதல் 1990 வரை நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் 6,137 காட்சிகள் ஓடியது. பிறகு இயக்குநர் மைக்கேல் பென்னட் அவர்களுக்கும் வருமானத்தில் ஒரு பங்கு ஏற்பாடு செய்தார். அவர் செய்தார். எல்லோரும் செய்வார்கள் என்று நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

செம்பூரிலிருந்து எழுதுகிறேன். வயலின் வாசிப்பேன், கம்ப்யூட்டரில் டிராக் (பதிவு செய்த இசை) போடத் தெரியும். நடன நாடகங்களுக்கு இசையமைக்க ஆசை. சினிமா வாய்ப்புக்குக் காத்திருப்பதைவிட இது நல்ல வழியா? வருமானம் எப்படி?

நல்ல வழி. ஆனால் சினிமாவுக்குப் போகும் படிக்கட்டாக மட்டும் இதை நினைத்தால் சீக்கிரம் சலித்துவிடும், இது தனி வித்தை. கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி 1944-ல் குற்றாலக் குறவஞ்சியை அமைத்தபோது இசை வீணை கிருஷ்ணமாச்சாரியார். ராமாயண வரிசைக்கு மைசூர் வாசுதேவாச்சார், அவர் காலமான பிறகு மிச்சத்தை முடித்தவர் அவர் பேரன் ராஜாராம். அத்தனை பெரிய வித்வான் வயதான காலத்தில் ஒத்திகைக் கூடத்தில் உட்கார்ந்து ஆட்டத்துக்காக ஸ்வரம் எழுதியிருக்கிறார். இந்த ஊரிலும் உண்டு, 1940-களில் மும்பையில் சாந்தி பர்தன் அமைத்த பாலேக்களுக்கு இசை இருபது வயதுகளில் இருந்த சிதார் ரவிசங்கர்.

நடனத்துக்கு இசை வீட்டில் உட்கார்ந்து வராது. ஒத்திகைக்குப் போய்த் தரையில் உட்காருங்கள். கதாநாயகி புடவை மாற்றி வர 40 விநாடி ஆகிறது, ஒரு நாள் ஊக்கு மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் ஆகும். பக்கவாத்தியம் நேரில் இருந்தால் அந்த இடத்து நாலு ஆவர்த்தனத்தை (தாளச் சுற்றை)ச் சுற்றிச் சுற்றி வாசித்துச் சமாளித்துவிடுவார்கள். டிராக் காத்திருக்காது. அதனால் டிராக் போடும்போதே அந்த இடத்தைத் தனித் துண்டாக வைத்து, தேவைப்பட்ட வரை சுழலவிட்டு, சைகை வந்ததும் அடுத்ததற்குப் போகும்படி செய்யுங்கள். மேல் ஸ்தாயியில் பாடி முடித்த உடனே குதிக்கிற அடவு வைத்தால் பாடுகிறவளே ஆடும்போது மூச்சு எங்கிருந்து வரும்? இதெல்லாம் தரையில் உட்கார்ந்தால்தான் தெரியும். பிராட்வேயில் இதற்கென்றே டான்ஸ் அரேஞ்சர் என்று தனி ஆள். பாட்டின் மெட்டு வேறொருவருடையதாக இருக்கும், நடனம் நீளுகிற ஐந்து பத்து நிமிடத்துக்கான இசையை இவர் கட்டுவார். ட்ரூட் ரிட்மன் என்ற பெண்மணி அப்படிப் பல புகழ்பெற்ற மியூசிக்கல்களுக்குக் கட்டினார், அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்! உங்களுக்கு இந்த வேலை வரும் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்தால் தோன்றுகிறது.

பெரிய மேடைக்கும் வழி அடைபட்டதில்லை. 2002-ல் லண்டனில் பாம்பே ட்ரீம்ஸுக்கு இசை நம் ஏ.ஆர். ரஹ்மான். அது 2004-ல் பிராட்வே போனபோது நடனத்துக்காக ஃபரா கானும் ஆண்டனி வான் லாஸ்டும் டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள்.

வருமானத்துக்கு வருகிறேன். ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு டிராக்கைக் கொடுத்துவிடுவது இங்கே வழக்கம், அந்த வழக்கத்தை விடுங்கள். அமைப்பதற்கு ஒரு தொகை, ஒவ்வொரு மேடையேற்றத்துக்கும் ஒரு சிறு தொகை என்று பிரித்துக் கேளுங்கள். சின்னக் குழுக்கள் முதலில் அதிகம் கொடுக்க முடியாது, இப்படிப் பிரித்துக் கொடுப்பதுதான் அவர்களுக்கும் கட்டுப்படியாகும், அதனால் பலர் சம்மதிப்பார்கள். பிரித்துக் கொடுக்கும் தனித்தனி டிராக் கோப்புகள் யாரிடம் இருக்கும், பாட்டைப் பதிவாக வெளியிட்டால் என்ன என்பதையும் எழுதுங்கள். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சினிமாவிலோ ஒலிப்பதிவிலோ சேர்ந்த இசைக்கான ராயல்டிப் பங்கை இசையமைப்பாளர் எழுதிக் கொடுத்துவிட முடியாது, அதை வசூலித்துத் தர ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969-லிருந்து இருக்கிறது, தலைமை அலுவலகம் மும்பையில்தான். உறுப்பினராகிவிடுங்கள்.

வயது 34, முலுண்ட். வலது முழங்கால் வலி. அரைமண்டியில் (முழங்காலை வெளிப்பக்கம் மடக்கி நிற்கும் பரத நிலையில்) உட்கார்ந்தால் எழ முடியவில்லை. என் மேடை வாழ்க்கை முடிந்ததா?

முதலில் டாக்டர், அதுவும் விளையாட்டுக் காயம் பார்க்கிறவர். தைலம் தடவிக்கொண்டு ஆடியது போதும். சிமென்ட் தரையில் வருடக்கணக்காகத் தட்டியிருப்பீர்கள், கூடிய மட்டும் மரத்தரைக்கு மாறுங்கள், மண்டியில் முழங்கால் பாதத்தின் நேரே போகிறதா உள்ளே விழுகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மேடை முடியவில்லை. ஒத்திகை நடத்துவது, நட்டுவாங்கம், அமைப்பது எல்லாம் இந்த வயதில்தான் தொடங்குகிறது. 1954-ல் சாந்தி பர்தன் இறந்த பிறகு அவர் மனைவி குல் பர்தன் அவருடைய நடனக் குழுவைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். 25-லிருந்து 40 வயது வரை மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் ஜூனியர் ஃபெல்லோஷிப் இருக்கிறது, மாதம் 10,000 ரூபாய், இரண்டு வருடம், நடனத்தில் ஏதாவது ஒன்றை ஆராய்ந்து எழுதுவதற்கு. உங்களுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது.

நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன், சயான். டான்ஸ் அமைக்கிறவருக்கு எல்லா டான்ஸும் தெரிய வேண்டுமா?

வேண்டாம் கண்ணா. நன்றாகப் பார்க்கத் தெரிய வேண்டும். மேலே சொன்ன சாந்தி பர்தன், மனிதர்களைக் கயிறு கட்டிய பொம்மைகள் மாதிரி ஆடவைத்து ஒரு ராமாயணமே செய்தார். பொம்மலாட்டத்தை அவர் எவ்வளவு உற்றுப் பார்த்திருக்க வேண்டும்! நீ நாளைக்கு மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் பூக்கடையில் போய் நில். பூக்கட்டுகிற அம்மாவின் இரண்டு கையும் என்ன செய்கின்றன, எது முதலில், எது அப்புறம், எத்தனை எண்ணுவதற்குள் ஒரு முடிச்சு என்று நோட்டில் எழுது. அதை வீட்டுக்கு வந்து கால்களால் செய்து பார். எட்டு கவுண்ட் வந்ததும் எனக்கு எழுது, அடுத்த இதழில் போடுவோம், உன் பெயரோடு.